செலவுக் கணக்கு முன்னேற்றம் ஆகாது

வீட்டுக் கடனை நாங்கள் ஒரே தவணையில் வழங்குவதில்லை. அடித்தளம், கூரை என ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்த பின்னரே பணத்தை விடுவிக்கிறோம். பழைய நீர்மின் நிலையங்களின் புதுப்பிப்புக்கும் இந்நெறி பொருந்தும்.

சட்லஜ் ஆற்றின் பக்ரா இடதுகரை மின்நிலையத்தில், ஐந்து அலகுகளையும் 108 மெகாவாட்டிலிருந்து 126 மெகாவாட்டாக உயர்த்தத் திட்டமிட்டனர். புதிய அணை இன்றியே மொத்தம் 90 மெகாவாட் கூடுதல்! ஆயினும், பணி முடியும்வரை அந்தந்த அலகு மின்சாரம் தராது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் இழப்பே.

இத்தகைய பணிகளை மத்திய மின்சார ஆணையம் கண்காணிக்கிறது. செலவான தொகை முன்னேற்றத்தின் சான்றாகாது. அலகு நிறுத்தப்பட்ட நாள், மீண்டும் இயங்கிய நாள், சோதனையில் காட்டிய திறன் ஆகிய மூன்றுமே உண்மையான அளவுகோல் என்பது எங்கள் கருத்து.