பக்கம் நிரப்பினால் விடை ஆகாது

"குற்றவியல் தாளில் கேள்விக்கு ஆறு பக்கமாவது எழுது. பிரிவு எண்ணுக்கு அடிக்கோடு போடு. தெரிந்த வழக்குப் பெயர்களையெல்லாம் கொட்டு. மதிப்பெண் தானாக வரும்." சட்டக் கல்லூரிகளில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவரும் உபதேசம் இது. நீதிபதித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. நாளைய வழக்கறிஞரை இன்றே கெடுப்பது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். டீக்கடைத் தகராறில் முருகனைக் குமார் அறைகிறான். முருகன் வீட்டுக்குப் போய், அரைமணி நேரத்தில் அரிவாளோடு திரும்பி, குமாரின் கழுத்தில் ஒரே வெட்டு வெட்டுகிறான். குமார் இறந்துவிடுகிறான். முருகன் செய்த குற்றம் என்ன?

உபதேசத்தை நம்பிய மாணவர் பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலையை வரையறுக்கும் 101ஆம் பிரிவை முழுவதும் எழுதுவார். ஐந்து விதிவிலக்குகளையும் வரிசையாக ஒப்பிப்பார். நானாவதி வழக்கைக் கதையாகச் சொல்வார். கடைசி வரியில் "ஆகவே இது கொலை" என்று முடிப்பார். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது. கேள்வியின் உயிரே அந்த அரைமணி நேரம்தான்.

விடையை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றமே 1976இல் ராயவரப்பு புன்னய்யா வழக்கில் வகுத்துக் கொடுத்திருக்கிறது. செயலால் மரணம் நேர்ந்ததா? நேர்ந்தது என்றால், அது குற்றமுறு மரணம் விளைவித்தலா? ஆம் என்றால், கொலைக்கான நான்கு கூறுகளில் ஏதாவது ஒன்றுக்குள் வருகிறதா? அதன் பிறகுதான் விதிவிலக்கு. அங்கே, கடுமையான, திடீர்க் கோபமூட்டல் இருந்ததா என்று கேட்கும்போதுதான் 1961ஆம் ஆண்டின் நானாவதி தீர்ப்புக்கு வேலை வருகிறது. மனைவி தன் தகாத உறவை ஒப்புக்கொண்டதைக் கேட்டதற்கும், அவருடைய காதலனைச் சுட்டதற்கும் இடையே மனம் ஆற நானாவதிக்கு நேரம் இருந்தது என்றது நீதிமன்றம். முருகனின் அரைமணி போதுமா? ஓர் அறை கடுமையான கோபமூட்டல் ஆகுமா? அரிவாளை எடுத்து வந்தது எதைக் காட்டுகிறது? இரு தரப்பையும் வாதிட்டு முடிவு சொல்ல மூன்று பக்கம் போதும்.

"திருத்துபவர் பக்கத்தைத்தானே பார்க்கிறார்?" என்பார்கள். அப்படித் திருத்துபவர்கள் இருக்கலாம். திருத்த வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். தீர்ப்பு எழுதும் நீதிபதியே தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை, அதன் மீதான முடிவு, முடிவுக்கான காரணம் மூன்றையும் எழுதியாக வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறையை வகுக்கும் சட்டம். நீதிபதிக்கே கட்டாயமான ஒழுங்கு மாணவருக்கு மட்டும் வேண்டாமா?

எண்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்களின் நிலையை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்த 2024 ஜூலை 1 காட்டிவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 என்பது 103 ஆயிற்று. மோசடிக்கான 420 என்பது 318க்குள் போயிற்று. குற்றக்கூறுகளைப் புரிந்துகொண்டு படித்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் கைவிட்டுப் போகவில்லை.

அகில இந்திய பார் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், எழுத வேண்டியதில்லை. ஆகவே காரணம் சொல்லி எழுதும் பயிற்சி கல்லூரித் தாளில்தான் கிடைத்தாக வேண்டும். ஆசிரியர்களே, சட்டத்தை ஒப்பிப்பதற்குக் குறைத்தும், சம்பவத்தைச் சட்டத்தோடு பொருத்திக் காட்டுவதற்குக் கூட்டியும் மதிப்பெண் கொடுங்கள். 103 என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள்; கொலையாகாத குற்றமுறு மரணத்துக்கான 105 என்றால் பத்தாண்டுக்குள் முடியலாம். அந்த வேறுபாட்டைக் காரணத்தோடு எழுதத் தெரியாதவரை நம்பி எந்தக் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போடுவார்?