விஞ்ஞானத்தின் பெயரால் எரித்தபோது: முஸ்லிம்களின் அறிவியல் கல்வி குறித்துப் பொரளையிலிருந்து ஒரு பார்வை

பொரளைக் கனத்தை மயானத்தைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். 1983 ஜூலை 24ஆம் திகதி, திருநெல்வேலித் தாக்குதலில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் இறுதிக்கிரியைக்காகக் கூடிய கூட்டம் அங்கிருந்துதான் கலைந்து சென்று பொரளையில் தமிழரின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைக்கத் தொடங்கியது. அதற்கு 37 ஆண்டுகளுக்குப் பின்னர், 2020 டிசம்பரில், அதே மயானத்தில் பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மக்கள் வந்து கனத்தையின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். அவை கபன் துணியின் அடையாளம்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் ஒரு வித்தியாசம் உண்டு. 1983இல் எரித்தவர்கள் எந்தக் காரணமும் கூறவில்லை. 2020இல் எரித்தவர்கள் விஞ்ஞானத்தைக் காரணமாகக் கூறினார்கள். கொவிட் நோயால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனமோ அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. இலங்கையில் பிறந்து ஹொங்கொங்கில் பணியாற்றும் வைரஸியல் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ், இது நீரால் பரவும் நோயல்ல என்றார். 2021 ஜனவரியின் தொடக்கத்தில் இலங்கை மருத்துவ சங்கமும் அடக்கம் செய்யலாம் என்று அறிக்கை விட்டது. அப்படியிருந்தும் 2021 பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச்சிலிருந்து ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதற்குள் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டுவிட்டன. அடக்கம் செய்ய விரும்பிய கிறிஸ்தவர்களும் பாதிக்கப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இந்த அனுபவத்துக்குப் பின்னர் முஸ்லிம்களிடையே ஒரு பழைய கேள்வி புதிதாக எழுந்தது. ஒரு காலத்தில் உலகுக்கே விஞ்ஞானம் கற்பித்த சமூகம், தன் பிள்ளையின் உடலைப் புதைப்பதற்குக்கூட விஞ்ஞானத்தின் பெயரால் பிறரிடம் கெஞ்சும் நிலைக்கு எப்படி வந்தது?

யவனமும் யூனானியும்

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு நுனி பொரளையிலேயே இருக்கிறது. 1929இல் இங்கு தொடங்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்டன. யூனானி என்ற சொல்லுக்குக் கிரேக்கத்துக்குரியது என்று பொருள். நாம் யவனர் என்று சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்க மருத்துவம் பக்தாத்தில் அரபு மொழிக்கு மாறி, அல் ராஸி, இப்னு ஸீனா போன்றோரின் கைகளில் வளர்ந்து, இந்தியா வழியாகக் கொழும்பை வந்தடைந்தது. அல் குவாரிஸ்மி இந்திய எண்களைப் பற்றி எழுதினார். இப்னு அல் ஹைதம் ஒளியைப் பரிசோதனை மூலம் ஆராய்ந்தார். அந்த நாகரிகம் பிறரிடமிருந்து கடன் வாங்க வெட்கப்படவில்லை. அதன் பலம் அதுதான்.

பின்னர் ஏன் தளர்ந்தது? இமாம் கஸ்ஸாலி தத்துவத்தைத் தாக்கியதால் விஞ்ஞானம் செத்தது என்பது பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் விளக்கம். ஆனால் ஆண்டுகள் அதற்கு ஒத்துவரவில்லை. கஸ்ஸாலி 1111இல் இறந்தார். மராகாவில் பெரும் வானாய்வுக்கூடம் 1259இல்தான் தொடங்கியது. நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கிய இப்னு அல் நபீஸ் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சிறந்த வானியலாளரான இப்னு அல் ஷாதிர் 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்தவர். பள்ளிவாசலே வானியலாளருக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. விஞ்ஞானம் பெரும்பாலும் அரசரின் தயவில் நடந்தது. அரசர் போனால் ஆய்வுகூடமும் போனது. சமர்கந்தில் உலுக் பெக் 1449இல் கொல்லப்பட்டதும் அவருடைய வானாய்வுக்கூடம் கைவிடப்பட்டது. இஸ்தான்புல்லில் 1577இல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடம் 1580இல் சுல்தானின் ஆணையால் இடிக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் தொடர்ந்து இயங்கக்கூடிய நிறுவனங்கள் உருவாகவில்லை. ஒட்டோமான் ஆட்சியில் முஸ்லிம்கள் நடத்திய முதல் அச்சுக்கூடம் 1720களில்தான் வந்தது. அதன்பின் காலனித்துவம் வந்து மீதியையும் முடித்து வைத்தது. ஆகவே தளர்ச்சிக்கான காரணத்தை நம்பிக்கையைவிட நிறுவனங்களிலேயே அதிகம் தேட வேண்டும்.

இலங்கையில் நடந்தது

இலங்கை முஸ்லிம்களின் கதையும் இதையே உறுதிப்படுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் 1823இலேயே வட்டுக்கோட்டை செமினரி தொடங்கிவிட்டது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். தமிழர் விஞ்ஞானத்தில் முந்தியதற்கு இந்த மிஷன் பாடசாலைகள் முக்கிய காரணம். அதே பாடசாலைகள்தான் முஸ்லிம்கள் பின்தங்கவும் காரணமாயின. ஆங்கிலம் படித்தால் மதம் மாற வேண்டிவரும் என்ற பயம் அவர்களைத் தள்ளி வைத்தது. அந்தப் பயம் ஆதாரமற்றதல்ல. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் ஆறுமுக நாவலரும் அவருக்குப் பின் வந்தோரும் மிஷனுக்குப் போட்டியாகச் சைவப் பாடசாலைகளை எழுப்பினார்கள்.

முஸ்லிம்களிடையே அந்தப் பணியைத் தொடங்கியவர் கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்து நவீன கல்விக்காக அவர் எழுதினார். 1883இல் பிரித்தானியரால் இங்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா அந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1892இல் மருதானையில் உருவான பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் அதற்கும் கைகொடுத்தார். 1921இல் அதிபரான ரி. பி. ஜாயா அதை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக்கினார். 1948இல் அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ்.

அஸீஸ் யார் என்பதை யாழ்ப்பாண வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம். கல்முனையில் பணியாற்றியபோது கிழக்கு முஸ்லிம்களின் கல்வி நிலையை நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கி வைத்தார். வசதியற்ற பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதற்கு அது வழி செய்தது. முஸ்லிம் கல்வி மறுமலர்ச்சியின் முதன்மையான மனிதரை உருவாக்கியவை யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகள் என்பதை இரண்டு சமூகங்களும் இன்று மறந்துவிட்டன.

ஒரே மொழி, ஒரே அடி

1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாக இருந்தபோது, தமிழ் மொழி மூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. இதைத் தமிழர் மீதான அநீதி என்றே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் தமிழில் விஞ்ஞானம் படித்த முஸ்லிம் மாணவரும் அதே கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் ஒரு முஸ்லிமான பதியுதீன் மஹ்மூத். அந்த ஒன்றே இரு சமூகங்களுக்கும் இடையில் நீண்ட கசப்பை வளர்த்தது. பின்னர் வந்த மாவட்டக் கோட்டா முறை யாழ்ப்பாணத்தைப் பாதித்தது. அதே முறை பின்தங்கிய மாவட்டங்களின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கதவைத் திறந்தது.

அதன்பின் போர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரி மாணவர்களின் படிப்பு புத்தளத்து அகதி முகாம்களில் சிதறியது. அதே ஆண்டில் கிழக்கில் காத்தான்குடியிலும் வீரமுனையிலும் வழிபாட்டு இடங்களுக்குள்ளேயே மக்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. வடக்கில் மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பௌதிகவியல் படித்த தலைமுறை நம்முடையது. புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் அதே பாடத்தைப் படித்தவர்களும் இருந்தார்கள். இருவரும் எழுதியது ஒரே வினாத்தாளைத்தான்.

1995இல் ஆரம்பித்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்தப் பிளவின் பிள்ளை. பாதுகாப்பில்லாமல் வடகிழக்குப் பல்கலைக்கழகங்களை விட்டு வந்த முஸ்லிம் மாணவருக்காக அமைச்சர் அஷ்ரப்பின் முயற்சியால் அது பிறந்தது. இன்று அங்கு பொறியியல் பீடமும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் இயங்குகின்றன. தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் எல்லோரும் அங்கு படிக்கிறார்கள். பிளவில் பிறந்த ஒரு நிறுவனம் பொதுவான நிறுவனமாக வளர முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

மறுமலர்ச்சியின் எல்லை

இன்று முஸ்லிம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மருத்துவ பீடங்களுக்கும் பொறியியல் பீடங்களுக்கும் செல்வது புதுமையல்ல. இருந்தாலும் இதை விஞ்ஞான மறுமலர்ச்சி என்று சொல்லிவிட முடியுமா? மருத்துவராவது வேறு, விஞ்ஞானத்தில் ஈடுபடுவது வேறு. உயர்தரத்தில் மூன்று ‘ஏ’ எடுப்பதோடு எமது கேள்வி கேட்கும் பழக்கம் முடிந்துவிடுகிறது. இது தமிழருக்கும் அப்படியே பொருந்தும். வினாத்தாளை மனப்பாடம் செய்விக்கும் ரியூட்டரிகள் தெருவுக்குத் தெரு நிற்கும்போது, கிராமப்புறப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது, அல்லது கற்பிக்க விஞ்ஞான ஆசிரியர் இல்லை.

இன்னொரு போலி மறுமலர்ச்சியும் உண்டு. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் தம் வேதத்தில் முன்பே இருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்படுவது. முஸ்லிம்களிடையே இது மேடைப் பேச்சாகிறது. இந்துக்களிடையே நடராஜர் சிலையும் அணுத்துகள்களுமாக வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிறர் கண்டுபிடித்தபின் நம்மிடமும் இருந்தது என்பதால் ஒரு நோய்கூடக் குணமாவதில்லை.

சமூகம் தன் விஞ்ஞானியை எப்படி நடத்துகிறது என்பதும் முக்கியம். 1979இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அப்துஸ் ஸலாம் பாகிஸ்தானியர். 1974இல் அந்நாடு அஹ்மதியாக்களை முஸ்லிம்கள் அல்லர் எனச் சட்டமாக்கியபோது அவரும் வெளியே தள்ளப்பட்டார். மூன்றாம் உலக இளைஞருக்கான அவருடைய ஆய்வு நிலையம் இத்தாலியின் திரியெஸ்த் நகரில்தான் வளர்ந்தது. யார் நம்மவர், யார் நம்மவரல்லர் என்று கணக்குப் பார்க்கும் சமூகத்தில் அறிவு தங்குவதில்லை. 1990க்குப் பிந்திய யாழ்ப்பாணமும் இதைத் தன்னிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். அஸீஸைப் போன்ற எத்தனை பிள்ளைகளை அந்த ஒக்டோபரில் நாம் அனுப்பிவிட்டோம்?

2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். கட்டாய தகனத்தை நிறுத்து என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அந்த நடை அரசியலோடு முடிந்துவிடாமல் பாடசாலைக்கும் வர வேண்டும். கல்முனையிலும் மூதூரிலும் மன்னாரிலும் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் இரசாயனவியல் ஆசிரியர் இருப்பார், மற்றதில் ஆய்வுகூடம் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அவற்றைப் பகிர்ந்துகொள்வதற்கு வர்த்தமானி தேவையில்லை. இரண்டு அதிபர்கள் பேசினால் போதும்.

கனத்தையில் அந்தக் குழந்தையை எரித்தவர்களுக்கு எதிராக விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பேசினார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேசியிராவிட்டால் அந்த வர்த்தமானி இன்னும் நீண்ட காலம் நின்றிருக்கும். அடுத்த முறை ஒரு பொய் விஞ்ஞானத்தின் பெயரில் எந்தச் சமூகத்தைத் தேடி வரும் என்பது நமக்குத் தெரியாது. அதை அடையாளம் கண்டு மறுத்துப் பேசக்கூடிய பிள்ளைகள் இன்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களின் பாடசாலை ஆய்வுகூடத்தின் பூட்டை இப்போதே திறக்க வேண்டும்.