பொருள்வயிற் பிரிவும் வளைகுடாப் போரும்

பொருள்வயிற் பிரிவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நெஞ்சம் அகத்திணைப் பாலையை விட்டு அரபு நாட்டுப் பாலைவனத்திற்குச் சென்றுவிடுகிறது. கடல்கடந்து செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியர் கூற்று. இன்று குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளர்க்கு அதே விதியை வளைகுடா நாடுகளின் விசாச் சட்டங்கள் விதிக்கின்றன. எங்கள் ஆவூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கடிதத்தையும் தொலைபேசிக் குரலையும் துணையாகக் கொண்டே இல்லறம் நடத்திய தாய்மார்கள் உண்டு.

வளைகுடா தமிழர்க்குப் புதிய நிலமன்று. ஹோர்முஸ் முதலிய துறைமுகங்களிலிருந்து பாண்டிய நாட்டிற்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மார்க்கோ போலோ எழுதினார். குதிரைகள் வந்த அந்நீரிணையின் வழியே 2024ஆம் ஆண்டில் நாள்தோறும் ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் சென்றது. அஃது உலக நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு. அந்நீரிணையின் மிகக் குறுகிய இடமோ ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆகவேதான் வல்லரசுகளின் கண்கள் அங்கே நிலைகுத்தி நிற்கின்றன. அப்பகுதியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் எண்ணெய்க் கப்பல்களையும் படைத்தளங்களையும் எண்ணுகின்றனர். அங்கே சாந்து சுமக்கும் நம்மவரை எண்ணுவார் இலர்.

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தது. அங்கே அப்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் என் சிறிய தந்தையார். யான் அந்நாளில் தொடக்கப்பள்ளி மாணவன். இரவுதோறும் வானொலியில் பிபிசி தமிழோசை ஒலிக்கும்போது வீட்டில் எவரும் பேசக்கூடாது என்பது பாட்டியாரின் கட்டளை. குவைத் தீனாரின் மதிப்பு வீழ்ந்ததனால் அவருடைய பல்லாண்டுச் சேமிப்பு கைவிட்டுப் போயிற்று. அவருடைய கடவுச்சீட்டோ முதலாளியின் பெட்டியில் இருந்தது. தற்காலிகப் பயணத்தாள் ஒன்றைப் பெற்று, பாக்தாத் வழியாகப் பேருந்தில் ஜோர்டான் சென்று, அம்மானில் வரிசையில் நின்று, ஒரு கைப்பையோடு பம்பாய் வந்து சேர்ந்தார்.

அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைத் தழுவியதைப் பலர் கடிந்துரைத்தனர். மகன் எங்கிருக்கிறான் என்று அறியாத தாயின் வாசற்படியில் அமர்ந்து பார்த்தால் அத்தழுவல் வேறாகத் தோன்றும். ஆகஸ்டு 13 முதல் அக்டோபர் 11 வரை, 59 நாட்களில், ஏர் இந்தியா 488 முறை பறந்து 1,11,000க்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. அரசைக் குறைகூறவே பழகிய நாம் இதனையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

போர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1991 ஜனவரியில் அமெரிக்கப் படை விமானங்கள் சென்னையிலும் எரிபொருள் நிரப்பிச் சென்றன. எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணி கரைந்தது. அவ்வாண்டே 47 டன் தங்கம் வெளிநாட்டில் அடகு வைக்கப்பட்டது.

இனி, நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. 1991இல் ஐக்கிய நாடுகள் அவை இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. 2022இல் தன் பணி முடிவதற்குள் அது வழங்கிய தொகை ஏறத்தாழ 5,240 கோடி டாலர். குவைத்தை விட்டு வெளியேற நேர்ந்த தனி மனிதர்க்கு 2,500 டாலர் முதல் கிடைத்தது. ஆனால் வெளியேறியதற்குச் சான்று வேண்டும். பாட்டியார் குர்ஆன் பலகைக்கு அடியில் மடித்து வைத்திருந்த அந்தப் பயணத்தாளே எங்கள் சிறிய தந்தையாருக்குச் சான்றாயிற்று. அவருடன் ஒரே அறையில் இருந்த நண்பரிடம் அத்தகைய தாள் ஏதும் இல்லை. அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

கேரளம் 1998இலேயே தன் புலம்பெயர்ந்தோரைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. தமிழகத்தில் அத்தகைய விரிவான ஆய்வு நடந்தது 2015இல்தான். அரசை விடுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் நன்கொடைக்குப் பள்ளிவாசல்களில் காசு பிசகாமல் கணக்கு உண்டு. அனுப்பியவர் எந்நகரில், எந்நிறுவனத்தில், யார் பொறுப்பில் இருக்கிறார் என்று ஜமாஅத்தில் கேட்டுப் பாருங்கள், விடை கிடைப்பதரிது. பெரியோர்கள் பொறுத்தருள்க, இதனைக் குறையாகவே சொல்கிறேன்.

நம் துறை மாணவர்கள் நாட்டார் பாடல் சேகரிக்க ஊரூராகச் செல்கின்றனர். அதே கையோடு ஊருக்கொரு பதிவேடும் தொடங்கலாம். அயல்நாடு சென்றவரின் பெயர், பணியிட முகவரி, ஒப்பந்த நகல், கடவுச்சீட்டு நகல், வீட்டில் செய்தி பெற வேண்டியவர் யார் என்னும் விவரங்கள் போதும். குடும்பத்தார் இசைவு பெற்று, பூட்டிய பெட்டியில் அதனைக் காத்தல் வேண்டும். ஆவூருக்குரிய பக்கங்களை எங்கள் தெருவிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை பதினொரு வீடுகள் முடிந்துள்ளன.