கவலைப்படாதேன்னு யார் சொல்லணும்?

போன வருஷம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் நான் ஒழுங்காத் தூங்கல. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சு உட்கார்ந்து போனை எடுத்து வைகை அணை நீர்மட்டம் எவ்வளவுன்னு பார்ப்பேன். நம்ம உசிலம்பட்டிப் பக்கத்து ஆளுகளுக்கு இது புரியும். அணையோட முழு உயரம் 71 அடி. அது 67 அடியைத் தொட்டாத்தான் 58 கிராமக் கால்வாயில தண்ணி வரும், அது வந்தாத்தான் நம்ம கண்மாய் நனையும். ராத்திரி மூணு மணிக்கு நான் போனை முறைச்சுப் பார்க்கிறதுனால அணையில ஒரு சொட்டு ஏறப் போறதில்ல. தெரிஞ்சும் பார்ப்பேன்.

அந்த வருஷம் போட்ட போர் 650 அடி போயும் புகை மாதிரி மண்ணுதான் வந்துச்சு. அதுக்கு வச்ச நகைக்கடன் தவணை தலைக்கு மேல நின்னுச்சு. கிணத்துல கிடந்த கொஞ்சத் தண்ணியை இறைக்கப் போய் மோட்டாரும் காயில் எரிஞ்சு போச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்கும், சோறு இறங்காது. பிள்ளைக ஒரு பென்சில் கேட்டாக்கூட எரிஞ்சு விழுவேன்.

இதை எங்க ஜெபக்கூட்டத்துல ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அங்க ஒருத்தர், நல்ல மனுஷன்தான், மாசம் பிறந்தா சம்பளம் வர்ற வேலையில இருக்கிறவர், “தம்பி, கவலைப்படுறது பாவம். விசுவாசம் குறைஞ்சாத்தான் பயம் வரும்”னார். வீட்டுக்கு வந்தேன். அதுவரைக்கும் ஒரு கவலை இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியிலிருந்து ரெண்டு. கடனைப் பத்தின கவலை ஒண்ணு, கவலைப்படுறேனேங்கிற கவலை இன்னொண்ணு.

இந்தக் கட்டுரை அந்த வார்த்தையைப் பத்தித்தான். கவலையிலிருந்து வெளிய வர விசுவாசம் உதவுமான்னு கேட்டா, எனக்கு உதவுச்சு. ஆனா ‘கவலைப்படாதே’ங்கிறதை யார் சொல்றாங்க, எங்க நின்னு சொல்றாங்கங்கிறதுல எல்லாம் இருக்கு.

அந்த வாரம் பெரியப்பா வந்தார். வயசு எழுபத்தி ரெண்டு, அவரும் சம்சாரிதான். எதுவும் கேட்கல. “மோட்டாரைத் தூக்குடா, காளவாசல் போய்ட்டு வருவோம்”னார். காயில் கட்டக் கொடுத்துட்டு டீக்கடையில உட்கார்ந்தோம். காளவாசல்னா சூளை. வெளிய பார்த்தா தீ தெரியாது, உள்ளுக்குள்ள நாள்கணக்கா வெந்துக்கிட்டே கிடக்கும். “நீயும் இப்ப அப்படித்தான்டா இருக்க”ன்னார் பெரியப்பா. அப்புறம் பக்கத்துல இருக்கிற பெத்தானியாபுரத்துப் பக்கம் கையைக் காட்டி, “அந்தப் பேரு எந்த ஊருன்னு தெரியும்ல?”ன்னு கேட்டார்.

பெத்தானியா, மார்த்தாளோட ஊர். ஆளுக வந்திருக்காங்க, சமைக்கணும், பரிமாறணும்னு பலதையும் நினைச்சுக் கலங்கினவ மார்த்தாள். பிரசங்கத்துல அவளை இயேசு கண்டிச்சதோட நிறுத்திருவாங்க. ஆனா யோவான் எழுதினதுல இன்னொரு இடம் இருக்கு. தம்பி லாசரு செத்து நாலு நாள் கழிச்சு இயேசு வர்றார். அதே மார்த்தாள் ஊருக்கு வெளியவே போய் எதிர்கொண்டு, நீர் இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டானேன்னு முகத்துக்கு நேரா சொல்றா. அவர் அவளைத் திட்டல, விசுவாசம் இல்லாதவன்னு சொல்லல. கல்லறைக்குப் போற வழியில அவரே அழுதார். “பிடிபடுற ஊராத்தான்டா பேரு வச்சிருக்காங்க”ன்னார் பெரியப்பா.

கெத்செமனே தோட்டத்தையும் யோசிச்சுப் பாருங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசுவே மரண அளவு துக்கத்துல இருந்தார், கூட முழிச்சிருங்கன்னு சீஷர்களைக் கேட்டார், வேர்வை ரத்தத் துளி மாதிரி விழுந்துச்சுன்னு லூக்கா எழுதுறார். கலக்கமே பாவம்னா அந்த ராத்திரிக்கு என்ன பேர் வைக்கிறது?

எதுக்கும் கவலைப்பட வேண்டாம்னு பிலிப்பி சபைக்கு எழுதின பவுல், அதை எழுதினது சிறையில இருந்து. உயிர் தப்புமா தப்பாதான்னு அவருக்கே தெரியாத நேரம். மெத்தையில உட்கார்ந்து எழுதியிருந்தா நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

இதே சங்கதியை நம்ம தமிழ்நாட்டுல வாழ்ந்து காட்டினவங்க ஏமி கார்மைக்கேல் அம்மா. அயர்லாந்துல 1867-ல பிறந்து, 1895-ல இந்தியா வந்து, திருநெல்வேலிப் பக்கம் களக்காட்டுக்குப் பக்கத்துல டோனாவூர்ல 1901-லிருந்து ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்த்தவங்க. பிள்ளைக அவங்களைக் கூப்பிட்டதே ‘அம்மா’ன்னுதான். இத்தனை வாய்க்குச் சோறு போட யார்கிட்டயும் பணம் கேட்கிறதில்லைங்கிறது அவங்க வழக்கம். கஷ்டத்தைக் கடவுள்கிட்ட மட்டும் சொல்லுவாங்க. நம்ம மாதிரி கடன் தவணை எண்ணுற ஆளுக்கு இது ஆச்சரியம்தான்.

ஆனா எனக்கு அவங்க வாழ்க்கையில பெருசாத் தெரியிறது அதுக்கப்புறம் நடந்தது. 1931 அக்டோபர்ல களக்காட்டுல ஒரு வீட்டைப் பார்க்கப் போனப்ப, பொழுது மசங்குற நேரம், தோண்டி வச்சிருந்த குழியில விழுந்து கால் முறிஞ்சு, முதுகும் அடிபட்டுப் போச்சு. எந்திரிச்சு நடந்திருவோம்னு எல்லாரும் ஜெபம் பண்ணினாங்க. நடக்கல. 1951 ஜனவரியில சாகிற வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில படுக்கைதான்.

விழுந்து ரெண்டு வருஷத்துல, 1933-ல, நோயாளிகளுக்குன்னு எழுதின கடிதங்களை ஒரு புத்தகமாப் போட்டாங்க. அதோட அடிப்படை எனக்கு மறக்கவே மறக்காது. சுகமா இருக்கிறவங்க நோயாளிக்கு எழுதுற ஆறுதல் புத்தகங்கள் அவங்களுக்கு ஒட்டலையாம். அதனால படுத்திருக்கிற ஒருத்தர் படுத்திருக்கிற இன்னொருத்தருக்கு எழுதின மாதிரி எழுதினாங்க. வலிக்குதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் மேல பேசினாங்க. ஜெபக்கூட்டத்துல எனக்குக் கிடைக்காதது இதுதான்.

சரி, ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கன்னு இயேசு சொன்னதை வச்சு என்னை மாதிரி விவசாயி என்ன செய்யிறது? அதுக விதைக்கிறதும் இல்ல, அறுக்கிறதும் இல்லங்கிறார். முன்னெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், நான் விதைச்சதைத்தானே அதுக திங்குதுன்னு. இப்ப வேற மாதிரிப் பார்க்கிறேன். டிராக்டர் ஓட்டுறப்ப பின்னாலயே வர்ற கொக்கைப் பாருங்க. விடிஞ்சதுலருந்து பொழுது அடையிற வரைக்கும் உழைக்குது. கூட்டுக்குள்ள வாயைத் திறந்துக்கிட்டு உட்காரல. ஆனா ராத்திரி மூணு மணிக்கு நாளைக்குப் புழு கிடைக்குமான்னு முழிச்சுக்கிட்டும் இருக்கல. உழைப்பு பகலோட முடிஞ்சிருது. நாமதான் பகல்ல உழைச்சு ராத்திரியும் உழைக்கிறோம். ராத்திரி வேலைக்கு விளைச்சல் கிடையாது.

அதனாலதான் அவர் கத்துக் கொடுத்த ஜெபத்துலயும் இன்னைக்குச் சாப்பாடு மட்டும் கேட்கச் சொன்னார். வனாந்தரத்துல மன்னாவும் அப்படித்தான் பெஞ்சுச்சு. நாளைக்குன்னு எடுத்து வச்சது புழுத்துப் போச்சு, ஓய்வுநாளுக்கு வச்சது தவிர. விசுவாசம்னா எல்லாம் நல்லபடியா முடியும்னு மார்தட்டுறது இல்லன்னு எனக்குப் பட்டுச்சு. ஏமி அம்மா எந்திரிச்சு நடக்கலையே. இன்னைக்கு என் கையில இருக்கிறதை நான் செய்யிறேன், என் கையில இல்லாததை அவர் கையில விடுறேன், அவ்வளவுதான்.

நான் செஞ்சதைச் சொல்றேன். ஒரு நோட்டுல நடுவுல கோடு போட்டேன். ஒரு பக்கம் என்னால முடிஞ்சது: தவணைக்கு வங்கியில போய்ப் பேசுறது, மோட்டாரைச் சரி பண்றது, மல்லிகைச் செடிக்கு மூடாக்குப் போடுறது. இன்னொரு பக்கம் முடியாதது: மழை, அணை நீர்மட்டம், பூ விலை. ராத்திரி ஜெபத்துல அந்த ரெண்டாவது பக்கத்தை ஒவ்வொண்ணா பேர் சொல்லிப் படிப்பேன், மார்த்தாள் மாதிரி கோபமாவும் சொல்லுவேன். அப்புறம் நோட்டை மூடிருவேன். போன் அடுத்த ரூம்ல கிடக்கும். முதல் வாரம் ஒண்ணும் நடக்கல. மூணாவது வாரம் விடிய நாலரை வரைக்கும் தூங்கினேன்.

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லணும். பெரியப்பாவே என்னை டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனார். மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமான்னு கேட்டேன். “பயிருக்குப் பூச்சி வந்தா ஜெபம் பண்ணிட்டு மருந்தும் அடிக்கிறியா இல்லையா?”ன்னார். லூக்காவே வைத்தியர்தான். தூக்கமே இல்லாம, உயிரே வேண்டாம்னு தோணுற அளவுக்குப் போனா யாரும் தனியா உட்கார்ந்து சமாளிக்காதீங்க. 14416-ங்கிற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. விவசாயிக் குடும்பத்துல இதைச் சொல்ல வெட்கப்படுறோம். வெட்கத்தால போன உயிரு நம்ம பக்கத்துலயே இருக்கு.

சபையில, கூட்டத்துல, சொந்தத்துல யாராவது கவலைன்னு வாய் திறந்தா, தயவுசெஞ்சு வசனத்தைத் தூக்கி அடிக்காதீங்க. மோட்டாரைத் தூக்க ஒரு கை கொடுங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் கொடுங்க. வசனம் அதுக்கப்புறம் தானா உள்ள இறங்கும்.

டோனாவூர்ல ஏமி அம்மா தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பிள்ளைக அங்க பறவைகளுக்குத் தண்ணி வைக்கிற ஒரு கல்தொட்டியை வச்சு, ‘அம்மா’ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. இருபது வருஷம் படுக்கையில கிடந்தவங்க தலைமாட்டுல இன்னைக்கும் குருவிக்குத் தண்ணி இருக்கு.

என் கடன் இன்னும் தீரல. அணை நீர்மட்டத்தை இப்பவும் பார்க்கிறேன், காலையில ஒரு தடவை. நாளைக்கு விடிய மல்லிகை பறிக்கணும். தூங்கப் போறேன்.