இரட்டைக் கம்பம் நட்டீர்கள், டிரான்ஸ்பார்மர் எங்கே?

பெருமதிப்பிற்குரிய மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

மனுநீதி நாளிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்த மனுக்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

திருச்சுழி வட்டாரத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மரில் கிளம்பும் தாழ்வழுத்தக் கம்பி, சீமைக்கருவேலங்காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடி என் சித்தியின் கிணற்றில் முடிகிறது. வழிநெடுக மோட்டார்கள். எல்லாம் ஓடுகிற நேரத்தில், 400 வோல்ட் இருக்க வேண்டிய அவர் ஸ்டார்ட்டரில் 300 வருவதே பெரும்பாடு. மோட்டார் உறுமும், தண்ணீர் ஏறாது. வோல்ட் குறையக் குறைய அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் வெப்பமாகப் போகும் சேதாரம் நான்கு மடங்கு. அந்த இழுவையில் வோல்ட் இன்னும் விழும். கடைசியில் காயில் எரியும்.

போன கோடையில் எரிந்தது. அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டிவருவதற்குள் சித்தி பயிரிட்ட மல்லிகை வாடிவிட்டது. கட்டுக்கூலிக்கு அவர் காதுத் தோடு அடகுக்குப் போனது. தோட்டை மீட்கும் முன்பே காயில் மறுபடி எரிந்தது.

இதற்கான வழியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரழுத்தக் கம்பியைக் கிணறுகள் வரை கொண்டுவந்து, அங்கேயே சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்க வேண்டும். அதே மின்திறனை 400 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் 27-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதே கம்பியில் சேதாரம் 700-ல் ஒரு பங்குகூட இராது. பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் வந்தது. அந்த மின்சாரம் வெளியூர் போக 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம் இருக்கிறது. தொலைதூரத்து ஊர்களுக்காக இவ்வளவு கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு கிலோமீட்டர் ஏன் கண்ணில் படவில்லை?

படாமலும் இல்லை. ஒப்புதல் தந்தீர்கள். கிணற்றுமேட்டில் இரட்டைக் கம்பம் நட்டு, குறுக்குச்சட்டம் பூட்டி, எர்த் குழியும் தோண்டினார்கள். டிரான்ஸ்பார்மர் வரவில்லை. கேட்டால் ஸ்டோரில் இல்லை என்கிறார்கள். அந்த வெறுங்கம்பத்தின் நிழலில் உட்கார்ந்துதான் சித்தி இரண்டாம் முறை எரிந்த மோட்டாரைக் கழற்றக் கொடுத்தார்.

“இலவச மின்சாரம்தானே” என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கம்பியைச் சூடாக்கி வீணாகிறதே, அது நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரமில்லையா? மக்கள் பணமில்லையா? காயில் கட்டுக்கூலியும், வாடிய செடியும், அடகுக்கடை வட்டியும் யாருக்கு இலவசம்? அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது? அதை உங்கள் அலுவலகம் எப்படிப் பொறுத்துக்கொண்டது?

மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் ஒருநாள் வாருங்கள். எல்லா மோட்டாரும் ஓடட்டும். சித்தியின் ஸ்டார்ட்டரில் வோல்ட்டை நீங்களே பாருங்கள். டிரான்ஸ்பார்மர் எந்தத் தேதியில் கம்பத்தில் ஏறும் என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். தேதி சொல்லாமல் திரும்பிப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
திருச்சுழி வட்டாரத்து விவசாயி ஒருவன்