அச்சின்மேல் பழி போடாதீர்!



இரப்பர் முத்திரையை அச்சாகக் கொண்டு களிமண்ணிலும் பாரிஸ் சாந்திலும் உருவங்களை வார்த்தெடுக்கும் கைவேலை, நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் கலைக்கல்வி வேளையில் நடந்து வருகிறது. நல்ல முயற்சி. ஆனால், அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று குற்றச்சாட்டுகள் தவறாமல் வந்து நிற்கின்றன. “அச்சு கற்பனையைக் கொல்லும்” என்பது ஒன்று. “பாடத்திற்கே நேரமில்லை, இதற்கு ஏது நேரம்?” என்பது இரண்டு. “வகுப்பறை அழுக்காகும், ஆபத்தும் உண்டு” என்பது மூன்று. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடுவோம்.

முதற் குற்றச்சாட்டு: அச்சு கற்பனையைக் கொல்லும்

‘அச்சில் வார்த்தாற்போல’ என்று நாம் சொல்வதில் ஒரு பாராட்டும் உண்டு. ஓர் இகழ்ச்சியும் உண்டு. இகழ்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள், அச்சு என்றாலே படியெடுத்தல், படியெடுத்தல் என்றாலே சோம்பல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அது. அதற்கான தமிழ் எழுத்துகள் 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. வார்க்கப்பட்டன என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்கால முறைப்படி, ஒரு கைவினைஞன் உலோகத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவான். அதைச் செப்பில் அடித்துக் குழிவை உண்டாக்குவான். அக்குழிவில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி எழுத்தை எடுப்பான். அந்தக் குழிவும் ஓர் அச்சுதான். அச்சு கற்பனையைக் கொல்லும் என்றால், நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அச்சான தமிழ் நூல்கள் அனைத்தும் கற்பனையின் கல்லறைகள் என்றல்லவா ஆகும்?

நம் வீட்டு அடுக்களைக்கே வருவோம். தீபாவளிக்கு அச்சுமுறுக்குச் சுடாத வீடு உண்டா? மலாய்க்காரர் பாஹுலு சுடும் பித்தளை வார்ப்பையும், சீனர் அங்கு கூஏ பலகாரத்திற்கு வைத்திருக்கும் செதுக்கிய மரக்கட்டையையும் நம் பிள்ளைகள் கண்டே வளர்கிறார்கள். தெரெங்கானுவிலும் கிளந்தானிலும் பாத்திக் துணியில் மெழுகு ஒற்றும் செப்பு அச்சு, இந்நாட்டின் பெருமைக்குரிய கைவினைகளுள் ஒன்று. இவற்றையெல்லாம் மரபு என்று போற்றிவிட்டு, மாணவன் கையில் ஒரு முத்திரை ஏறியவுடன் ‘படியெடுத்தல்’ என்று முகம் சுளிப்பது என்ன நியாயம்?

முத்திரை சொல்லித்தரும் பாடம்

இரப்பர் முத்திரையே அச்சில் பிறந்த பொருள்தான். ஒளிக்கதிரால் செதுக்கும் பொறி கடைகளுக்கு வருமுன், ஈய எழுத்துகளைக் கோத்து, சூடேற்றிய பலகையில் அழுத்திக் குழிவெடுத்து, அக்குழிவில் இரப்பர்த் தகட்டை வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகவைத்தே முத்திரை செய்தார்கள். புடைப்பு குழிவாகி, குழிவு மீண்டும் புடைப்பாகிறது. இந்த மாற்றத்தை மாணவன் தன் விரல்களால் அறிவதே இக்கைவேலையின் உயிர்.

சற்று விளக்குகிறேன். ‘ழ’ என்ற எழுத்துள்ள முத்திரையில் அந்த எழுத்து புடைப்பாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அதைக் களிமண்ணில் அழுத்தினால், எழுத்து நேராகவும் குழிவாகவும் விழும். அக்குழிவில் பாரிஸ் சாந்தை ஊற்றி எடுத்தால், எழுத்து புடைப்பாக எழும். ஆனால் மறுபடியும் இடவலம் மாறிவிடும். அப்படியானால், நேராகப் படிக்கக்கூடிய புடைப்பெழுத்தை எப்படிப் பெறுவது?

இக்கேள்வியை நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பத்து நிமிடத்திற்குப் பெரிய விவாதமே நடக்கும். விடை எளியது. அழிப்பானில் எழுத்தை இடவலம் மாற்றிக் குழிவாகச் செதுக்க வேண்டும். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, தாளைக் கவிழ்த்து அழிப்பானின் மேல் வைத்துத் தேய்த்தால், கரி ஒட்டிக்கொண்டு எழுத்து தானாகவே இடவலம் மாறி விழும். அக்கோட்டைத் தோண்டி, அதில் களிமண்ணை அழுத்தி எடுத்தால், புடைத்து நிற்கும் எழுத்து நேராகப் படிக்கவும் வரும்.

இங்கே தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுத்தை மாற்றிச் செதுக்கும் பிள்ளை, அதை முதன்முறையாகக் கூர்ந்து பார்க்கிறது. இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் ஏட்டில் மாற்றி மாற்றி எழுதும் பிள்ளை, அழிப்பானில் தோண்டும்போது சுழியை எண்ணித்தான் ஆக வேண்டும். ‘கொ’ என்று செதுக்கும்போது கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் போய்விடுவதைக் கண்டு வியக்கும். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள், இரண்டும் சேர்ந்தே ஓர் ஒலியைத் தருகின்றன என்பது அப்போது அதற்குப் புரியும். ல, ள, ழ வேறுபாட்டை எத்தனை முறை பார்த்தெழுதச் செய்திருப்போம்! ஒருமுறை செதுக்கச் செய்து பாருங்கள்.

உண்மைக் குற்றவாளி யார்?

எல்லாப் பிள்ளைகளின் கைவேலையும் ஒன்றுபோல் இருக்கிறது என்ற முறையீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பொறுப்பு அச்சு அன்று, நாம்தான்.

கடையில் அச்சும் மாவும் வண்ணமும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதை வாங்கி நாற்பது பிள்ளைகளுக்கும் கொடுத்து, நாற்பது வண்ணத்துப்பூச்சிகளை எடுத்து அடுக்கி, “எங்கள் மாணவர்களின் படைப்பு” என்று எழுதி வைத்துவிடுகிறோம். அதில் எது படைப்பு? அச்சைச் செதுக்கியவன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். மாணவன் செய்தது மாவை அழுத்தியது மட்டுமே. கண்காட்சிக்கு முதல் நாள் ஆசிரியரே அமர்ந்து ஓரங்களைச் சீவி, வண்ணம் பூசி, குறைகளை மறைப்பதும் உண்டு. வருகையாளர் பாராட்டுவது யாரை?

ஏட்டில் ‘மிக நன்று’ முத்திரையை ஒற்றுவதில் நாம் காட்டும் சுறுசுறுப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறாக எழுதியிருக்க, எல்லாருக்கும் ஒரே சிரித்த முகத்தை ஒற்றிவிட்டுப் போகும் நாம், அச்சு தனித்தன்மையை அழிக்கிறது என்று கவலைப்படுவது வேடிக்கைதான்.

கடை முத்திரையை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. முதல் பாடத்திற்கு அது போதும். புடைப்பும் குழிவும் எப்படி மாறுகின்றன என்று காட்டிவிட்டு, அடுத்த பாடத்தில் மாணவனே அச்சைச் செதுக்கட்டும். தேய்ந்துபோன பழைய முத்திரைகள் எந்தப் பள்ளியிலும் கிடக்கும். பூ, விண்மீன், விலங்கு உருவம் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளலாம். பள்ளியின் பெயரோ பதவிப் பெயரோ உள்ள முத்திரைகளைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. மை ஊறி வரும் நுரை முத்திரைகளும் உதவா; அவற்றில் அச்சாகும் அளவுக்கு ஆழமில்லை.

இரண்டாம் குற்றச்சாட்டு: நேரமில்லை

1988 முதல் யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டிக் கலைக்கல்வி வேளையைக் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்தோம். அக்கடன் திரும்பி வந்ததே இல்லை. 2021இல் அத்தேர்வையே அரசு நீக்கிவிட்டது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

2011இல் அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் கலைக்கல்விக்கு நான்கு துறைகள் வகுக்கப்பட்டன: வரைதல், கோலங்களை உருவாக்குதல், உருவமும் கட்டுமானமும் அமைத்தல், மரபுக் கைவினையை அறிதல். முத்திரை ஒற்றுதல் இரண்டாவதில் அடங்கும். வார்த்தெடுத்தல் மூன்றாவதில் அடங்கும். பாத்திக் அச்சையும் பலகார அச்சையும் பற்றிப் பேசினால் நான்காவதும் வந்துவிடும். அச்சு வடிவத்தைத் தாளில் வரைவதால் முதலாவதும் நிறைவேறும். ஒரே கைவேலையில் நான்கு துறைகளும் அடங்கும்போது, நேரமில்லை என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

மூன்றாம் குற்றச்சாட்டு: அழுக்கும் ஆபத்தும்

அழுக்காகும் என்பது உண்மை. பழைய நாளிதழை விரித்தால் போதும். துடைப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

ஆபத்து என்பதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். பாரிஸ் சாந்து நீருடன் கலந்து இறுகும்போது சூடாகும். கனமான கட்டியாக இருந்தால் அச்சூடு 60 பாகை செல்சியசு வரை ஏறக்கூடும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்சயர் மாவட்டப் பள்ளி ஒன்றில், கலை வகுப்பில் தன் கைகளையே அச்செடுக்கச் சாந்துக்குள் வைத்த 16 வயது மாணவி, தீக்காயத்தால் விரல்களை இழந்தாள். ஆகவே, கையையோ முகத்தையோ சாந்துக்குள் வைப்பது எந்நிலையிலும் கூடாது. கலவையை ஆசிரியரே முகக்கவசம் அணிந்து கலக்க வேண்டும்; தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அளவு: ஒரு குவளை நீருக்கு ஏறத்தாழ இரண்டு குவளை தூள். தூளை நீரில் தூவ வேண்டும்; நீரைத் தூளில் ஊற்றக் கூடாது. மீந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

படிநிலை ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான பிள்ளைகளுக்குச் சாந்தே வேண்டா. இரண்டு குவளை கோதுமை மாவு, ஒரு குவளை உப்பு, ஒரு குவளை நீர் சேர்த்துப் பிசைந்த மாவு போதும். முத்திரையில் சிறிது சோளமாவைத் தடவினால் ஒட்டாமல் பெயர்ந்து வரும். நம் நாட்டின் ஈரக் காற்றில் உப்பு மாவு மீண்டும் கசியும் என்பதால், நன்கு காய்ந்தபின் பூச்செண்ணெய் தடவி வைப்பது நல்லது. சிறியவர்கள் பற்குச்சியாலும் மை தீர்ந்த பேனா முனையாலும் தோண்டட்டும். செதுக்குளி மேல்நிலை வகுப்பினருக்கே. அதுவும் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே. உளி உடலுக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும்; பிடித்த கை உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

இவ்வளவுதான் ஆபத்து. இதற்கு மருந்து முன்னேற்பாடு, கைவிடுதல் அன்று.

இரப்பரும் நாமும்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திறங்கின. அவற்றின் வழிவந்த பால்மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் இம்மண்ணில் வாழ்ந்தார்கள். விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, மங்கில் பால் எடுத்தார்கள். நம் பள்ளிகள் பல அத்தோட்டங்களில் பிறந்தவை. இன்றும் பெயரில் தோட்டத்தைச் சுமந்து நிற்கின்றன. அந்தப் பாலை மற்றவர்கள்தாம் உருவமாக்கினார்கள். சக்கரமாகவும் காலணியாகவும் முத்திரையாகவும் அது மாறிய இடங்களில் நாம் இல்லை. பொருளை எடுத்துக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், பொருளுக்கு வடிவம் கொடுக்கவும் கற்க வேண்டாமா? சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஓர் அழிப்பானில் அதைத் தொடங்கலாம்.

பெற்றோர்களே, பிள்ளை கோணலான ஓர் உருவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால், “கடையில் இதைவிட அழகாகக் கிடைக்குமே” என்று சொல்லிவிடாதீர்கள். “அச்சை எப்படிச் செதுக்கினாய்?” என்று கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த கண்காட்சியில் வார்ப்பை மட்டும் வைக்காதீர்கள். பக்கத்தில் மாணவன் செதுக்கிய அழிப்பானையும், எழுத்துத் தலைகீழாகிப் போன அவனுடைய முதல் முயற்சியையும் சேர்த்து வையுங்கள். அவனையே அருகில் நிறுத்தி விளக்கச் சொல்லுங்கள். அவன் விளக்கம் சொல்லும் அழகைக் கேட்டபின், அச்சு கற்பனையைக் கொல்கிறதா என்பதை வந்தவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.