மாதிரித் துண்டும் கணக்கும்

நெசவாளர் கூடும் இடங்களில் ‘அண்மையில் நெய்தவை’ என்று ஒரு மேசை போடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நடப்பது பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பது. புடவையை விரிக்கிறோம், முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறோம், “கோர்வை சுத்தமா விழுந்திருக்கு” என்கிறோம், செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோம். வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தால் அந்தப் படம் வாய் திறக்காது. பாவு என்ன நம்பர், அச்சு என்ன நம்பர், அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்பதையெல்லாம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்திலோ சென்னிமலையிலோ இருப்பவரை இது அவ்வளவாக வருத்தாது. சந்தேகம் வந்தால் அடுத்த தெருவில் கேட்டுக்கொள்ளலாம். ஹட் பேயில் இருப்பவர் என்ன செய்வார்? சின்ன அந்தமானின் துறைமுகம் அது. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கப்பலில் பல மணி நேரம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், நிக்கோபாரியர், தமிழர் என்று பலரும் கலந்து வாழும் ஊர். நூலோ அச்சோ வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

அங்கே நாலு பேர் சேர்ந்து தறி போடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் தகராறு கஞ்சியில்தான் வரும். நம் ஊரில் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் காயவைத்து எடுத்துவிடுகிறோம். அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தொடங்கி, இரண்டு பருவக்காற்றும் சேர்ந்து ஆண்டு முடியும்வரை விடாது. தெருப்பாவு நடக்காது. அரிசிக் கஞ்சி போட்ட பாவு நான்கு நாள் தறியில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரக்காற்றில் பருத்தி இழை அறுவது குறையும் என்பது ஒரு லாபம். ஆனாலும் பூஞ்சைக்குப் பயந்து ஒற்றை நூலை விட்டுவிட்டு, கஞ்சி இல்லாமலே ஓட்டக்கூடிய 2/40 போன்ற முறுக்கிய இரட்டை நூலில் தொடங்குவதுதான் புத்தி. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் மூன்று பாவைக் கெடுத்திருக்கக்கூடும். கெடுத்த கணக்கு எழுத்தில் இருந்தால் அடுத்தவருக்கு ஒரு பாவாவது மிஞ்சும்.

தறி அங்கே பழைய வழக்கமல்ல, பின்னல்தான் வழக்கம். ஹட் பேக்கு அருகில் ஹர்மிந்தர் பே என்ற நிக்கோபாரியர் குடியிருப்பு இருக்கிறது. 1970களில் கார் நிக்கோபாரிலிருந்து வந்தவர்கள். நிக்கோபாரியரின் பாய் தாழை மடலில் பின்னுவது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துத் தழவாவிலும் பாய்க்குத் தாழைதான். மடலின் இரு ஓரத்து முள்ளையும் நடு நரம்பு முள்ளையும் சீவி எடுத்து, காயவைத்து, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். பின்னலில் பாவு, ஊடை என்ற பிரிவு இல்லை. மூலையில் தொடங்கினால் இரண்டு பக்கத்துக் கீற்றும் நடக்கும். கீற்றின் அகலமும் தொடக்கத்தில் வைத்த எண்ணிக்கையும்தான் பாயின் முழுக் கணக்கு. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்து ஹர்மிந்தர் பேயைத் துடைத்தெடுத்தது. நிக்கோபார்த் தீவுகளில் பாயோடு, பல இடங்களில் கரையோரத் தாழைக் காடும் போனது. பழைய பாயைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வழி ஒரே காலையில் அடைபட்டது.

“எழுதி வைத்தால் எவனாவது திருடுவான்” என்று நம் உறுப்பினர்கள் சொல்வதையும் சும்மா தள்ளிவிட முடியாது. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளில் 700 மாதிரிகள் சேர்த்தார். இப்படி 20 பிரதிகள். 13 பிரிட்டனிலேயே நின்றன, 7 இந்தியாவுக்கு வந்தன. துண்டோடு நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் என்று விவரம் எழுதியிருந்தது. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு, அவர் அதை மறைக்கவும் இல்லை. நெசவுத் தொழிலில் இதைவிட ஒழுங்கான மாதிரிப் புத்தகம் அரிது. வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் இன்றைய போலிக்கு நம் குறிப்பு தேவையில்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கென ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் இருக்கிறது. அப்படியும் விசைத்தறிப் போலி சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு ஜமக்காளத்தை விலை கொடுத்து வாங்கி, லென்ஸ் வைத்து இழை எண்ணி, பிரித்து எடை போட்டால் போலி செய்பவர்களுக்குப் போதும். நாம் வாயை மூடிக்கொள்வதால் கணக்குக் கிடைக்காமல் போவது பக்கத்துத் தறிக்காரருக்குத்தான்.

ஆகவே பகிர்வதை உறுப்பினர் வட்டத்துக்குள் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ‘காம்ப்ளக்ஸ் வீவர்ஸ்’ அமைப்பில் ஆய்வுக் குழுக்கள் உண்டு. குழுவில் எத்தனை பேரோ அத்தனை துண்டு நெய்து, ஒவ்வொன்றோடும் குறிப்பை வைத்து மாற்றிக்கொள்கிறார்கள். பாவு முடியும்போது கடைசியில் ஒரு முழம் கூடுதலாக விட்டால் நமக்கும் இது ஆகும்.

அடுத்த இதழிலிருந்து உறுப்பினர் படைப்புப் பக்கத்தில் படம் மட்டும் வந்தால் போடப்போவதில்லை. நாலு அங்குலத் துண்டு ஒன்று வேண்டும், ஒரு பக்கம் கரை இருக்கட்டும். நெய்தவர் பெயர் முதலில். பாவு நூல், ஊடை நூல் நம்பர். அச்சு நம்பரை இரண்டு அங்குலத்துக்கு எண்ணியதா, ஓர் அங்குலத்துக்கா என்று சேர்த்து எழுதுங்கள். மேசைத்தறி வாங்கியவர்களும் குழித்தறிக்காரர்களும் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பலரும் விட்டுவிடுவது அகலத்தை: தறியில் 48 அங்குலமாக இருந்தது அறுத்தபின் 46 ஆகலாம், துவைத்தபின் 44 ஆகலாம். மூன்றும் தேவை. மழைக்காலத்தில் நெய்ததா, கோடையிலா என்றும் ஒரு வரி. பாய், கூடை பின்னுபவர்கள் கீற்றின் அகலத்தையும் தொடக்க எண்ணிக்கையையும் எழுதினால் போதும்.

கெட்டுப்போனதையும் அனுப்புங்கள். அச்சுக்கோடு விழுந்தது, கரை இழுத்தது, பூஞ்சை பட்டது எதுவானாலும் சரி. சாயம் ஓடிய துண்டை மட்டும் தனி உறையில் போட்டு மேலே எழுதிவிடுங்கள், போனமுறை பக்கத்துத் துண்டில் ஏறிவிட்டது.